பாட்டு நடத்துகிறேன், ஆனால் ஆண்டவரோடு கதைத்துக் கனநாள்

பிரிவு: விசுவாச வாழ்க்கை / ஜெபம்

அலைவரிசை34 | திங்கள், இரவு 10.42

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். மூன்று வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 38 வயது. வெள்ளவத்தையில் வீடு, கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்கு வேலை. ஞாயிறு காலை ஆராதனையில் ஒன்பது வருடமாகப் பாட்டு நடத்துவது நான்தான். போன ஞாயிறு கீபோர்ட் வாசிக்கிற பையன் கடைசிப் பாட்டில் சுருதியை ஒரு படி ஏற்றினான். சபை முழுக்கக் கையை உயர்த்தி நின்றது. முன்வரிசையில் இரண்டு பேர் அழுதார்கள். மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்ற நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? லேனில் நிறுத்திய மோட்டார் சைக்கிளை மீன் லொறி உரசிவிடுமோ என்று. வெளியே வந்ததும் ஒரு அன்ரி கையைப் பிடித்து, "தம்பி, இன்றைக்கு நல்ல பிரசன்னம்" என்றார். "ஆமென் அன்ரி" என்றேன். அந்த ஆமென் ஒரு கிழமையாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

செய்து பார்க்காதது இல்லை. ஒரு வருடத்தில் வேதாகமத்தை வாசித்து முடிக்கிற திட்டம்: மொத்தம் 1,189 அதிகாரம், நாளுக்கு மூன்று நான்கு. லேவியராகமத்தில் குஷ்டரோகச் சட்டங்களுக்குள் போனவன் வெளியே வரவில்லை. காலை 5 மணிக்கு அலாரம்: முழங்காலில் நின்றபடியே கட்டிலில் தலை வைத்துத் தூங்கியதை மனைவி போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். மூன்று நாள் உபவாசம் இருந்தேன். கெஸ்ட்ரைட்டிஸ் வந்ததுதான் மிச்சம்.

தனியாக ஜெபிக்க உட்கார்ந்தால் இப்படிப் போகும்: ஸ்தோத்திரம் ஆண்டவரே, அம்மாவின் முழங்கால், மகளின் புலமைப்பரிசில் பரீட்சை, நாடு, சபை, ஆமென். நேரத்தைப் பார்த்தால் நான்கு நிமிடம். சரி, கர்த்தருடைய ஜெபத்தையாவது ஒழுங்காகச் சொல்லி முடிப்போம் என்றால் அதுவும் பாதியில் எங்கேயோ வழுக்கிப் போகிறது.

பெரிய பாவத்தில் கிடக்கவில்லை. வீட்டில் பிரச்சினை இல்லை. தம்பியோடு ஒரு காசு விஷயம் இருந்தது, அது முடிந்த கதை. வேலையும் பரவாயில்லை. ஆண்டவரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவேன். ஆண்டவரோடு கதைக்கத்தான் ஒன்றும் வருவதில்லை. இன்னும் கிட்டப் போவது எப்படி? போனவர்கள் சொல்லுங்கள்.

எஸ்ரா_பிரதர் | திங்கள், இரவு 11.15

பிரதர், இதை வெளியே சொன்னீர்களே, அதற்கே ஸ்தோத்திரம். உள்ளே எண்ணெய் குறைகிறபோது விளக்கு இப்படித்தான் புகையும். என் ஆலோசனை: 21 நாள் உபவாசம், அதிகாலை 4 மணி ஜெபம். மாற்கு 1:35 பாருங்கள், இயேசு இருட்டோடே எழுந்து தனியான இடத்துக்குப் போனார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பட்டணம் முழுவதும் அவர் வாசலில் கூடியிருந்தது. அவ்வளவு வேலைக்குப் பிறகும் எழுந்தார்.

நான் வேலை போய் ஆறு மாதம் வீட்டில் இருந்தபோது தெகிவளையில் மொட்டைமாடியில் 4 மணிக்கு நின்றவன். முதல் 20 நாள் நுளம்புக்கடிதான் மிச்சம். 21ஆம் நாள் நடந்ததை எழுதினால் நம்ப மாட்டீர்கள், அதனால் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்துக்கும் வாருங்கள். இடத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன்.

இரவுப்பணி | செவ்வாய், காலை 6.50

டியூட்டி முடிந்து பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எஸ்ரா பிரதர் சொல்வதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 4 மணி என்பது எனக்கு வார்டில் கடைசிச் சுற்று. வீட்டுக்குப் போனால் இரண்டு பிள்ளைகள், சோறு, உடுப்பு. இந்த "அதிகாலை" பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டு, நான் இரண்டாந்தர விசுவாசி என்று பத்து வருடம் நினைத்திருந்தேன்.

1 இராஜாக்கள் 19ஐ வாசியுங்கள். எலியா ஒரு செடியின் கீழே படுத்துக்கொண்டு, "போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். அந்தத் தீர்க்கதரிசிக்கு தூதன் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. தட்டி எழுப்புகிறான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், மறுபடி தூங்க விடுகிறான். இரண்டாம் தடவையும் சாப்பாடு. கர்த்தர் மெல்லிய சத்தத்தில் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்து மலைக்குப் போன பிறகு. நோயாளிகளைப் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தூதனுக்கு வேலை தெரிந்திருக்கிறது.

அண்ணா, முதலில் எத்தனை மணிநேரம் தூங்குகிறீர்கள்?

மலைநாட்டான் | செவ்வாய், மதியம் 1.20

எனக்கும் இதே பிரச்சினைதான், பதில் வந்தால் பார்ப்பதற்காக ஒரு வரி போட்டு வைக்கிறேன்.

சும்மா போகவும் மனமில்லை, ஒன்று கேட்கிறேன். ஊர் அட்டன் பக்கம், புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை. கிராண்ட்பாஸில் ஒரு அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். மத்தேயு 6:6 அறைக்குள் போய்க் கதவைப் பூட்டு என்கிறது. எங்கள் அறையில் கதவைப் பூட்டினால் உள்ளே நான்கு பேர் இருப்பார்கள், ஒருவன் போனில் கிரிக்கெட் பார்ப்பான். அதனால் கடையின் ஸ்டோர் ரூமில், சாரம் கட்டுகள் அடுக்கிய ராக்கைக்குப் பின்னால், சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் நிற்பேன். புதுத் துணியின் கஞ்சி மணம் அடிக்கும். இப்போது எங்கே அந்த மணம் அடித்தாலும் எனக்கு ஜெபிக்க வேண்டும் போல இருக்கிறது. அது சரியான ஜெபமா தெரியாது.

ஓய்வுபெற்றவாத்தியார் | செவ்வாய், மாலை 5.05

மலைநாட்டான் தம்பிக்கு முதலில். மத்தேயு 6:6இல் "அறை" என்று வருகிற இடத்தில் மூலமொழியான கிரேக்கத்தில் உள்ள சொல் 'தமெயோன்'. அதற்குப் பொருள் சாமான் வைக்கிற அறை, களஞ்சிய அறை. லூக்கா 12:24இல் காகங்களுக்குப் பண்டகசாலை இல்லை என்று வருகிற இடத்திலும் அதே சொல்தான். அந்தக் காலத்துக் கலிலேயா வீடுகளில் கதவு வைத்துப் பூட்டுகிற ஒரே அறை பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆகவே நம் எல்லோரையும் விட அந்த வசனத்துக்கு எழுத்துக்கு எழுத்து கீழ்ப்படிகிறவர் நீர்தான்.

இப்போது 'நீர்' என்று எழுதினேன் அல்லவா, அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் இருந்து வருகிற பிரசங்கிமார் வேதாகமத்தில் ஆண்டவரை 'நீர்' என்பது பழைய இலக்கியத் தமிழ், வீட்டில் யாரும் அப்படிக் கதைப்பதில்லை என்பார்கள். நம் யாழ்ப்பாணத்து வீடுகளில் கதை வேறு. புருஷன் பெண்சாதியை 'நீர்' என்பார், சிநேகிதனை 'நீர் எப்ப வந்தனீர்' என்போம். மரியாதையும் நெருக்கமும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. என் மனைவி இறந்து நான்கு வருடம். அவவோடு கதைத்த அதே 'நீர்' தான் இப்போது காலையில் ஆண்டவரோடு கதைக்கிறபோதும் வருகிறது. சில நாள் யாரோடு கதைக்கிறேன் என்று எனக்கே தடுமாறும். ஆண்டவர் கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அலைவரிசை தம்பி, உமக்கு ஒரே ஒரு கேள்வி. கர்த்தருடைய ஜெபம் பாதியில் வழுக்குகிறது என்றீர். எந்த வரியில்?

இன்னொன்று. முடிந்த கதையை யாரும் எழுத மாட்டார்கள். நீர் எழுதியிருக்கிறீர்.

கொட்டாஞ்சேனைக்காரி | செவ்வாய், இரவு 8.30

நான் கத்தோலிக்கர். இங்கே பெரும்பாலும் மற்றச் சபைக்காரர் என்பது தெரியும், அடிக்காதீர்கள்.

இன்று செவ்வாய், கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். செவ்வாயில் அங்கே நிற்கிற சனத்தைப் பார்த்தால், ஜெபிக்கத் தெரியவில்லை என்று யாரும் கவலைப்படுகிற மாதிரித் தெரியாது. எங்கள் ஆட்கள் மட்டுமல்ல, சைவர்கள், பௌத்தர்கள் எல்லோரும் வருவார்கள். மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, சுவரில் கையை வைத்துக்கொண்டு வீட்டுக் கதையைச் சொல்வார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மா இன்று சிங்களத்தில் மருமகளைப் பற்றி முறைப்பாடு செய்தார், பொலிஸில் எழுதிக் கொடுப்பது போல வரிசையாக. அதுவும் ஜெபம்தானே.

அந்தக் கோவிலில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இரண்டு வருடம் எனக்கு ஒன்றும் வரவில்லை. அன்று நான் அங்கே இல்லை, எங்கள் தெருவில் இருந்து போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. ஜூன் 12 கோவிலை மறுபடி அர்ச்சித்துத் திறந்தார்கள், மறுநாள் திருவிழா. போனேன். வாய் திறக்கவில்லை. அப்போது ஒரு சுவாமி 88ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். மற்றப் புலம்பல் பாட்டுகளில் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கை வரியாவது இருக்கும். இதில் இல்லை, இருளிலேயே முடிகிறது. அதையும் யாரோ வேதத்துக்குள் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் அவருக்கு உள்ளே ஒன்றுமே தெரியாமல் இருந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது. ஆகவே காய்ந்து கிடப்பதை வைத்து ஆண்டவர் தூரம் என்று கணக்குப் போட வேண்டாம்.

இப்போது நான் செய்வது இதுதான். இஞ்ஞாசியார் சொல்லிக் கொடுத்த முறை, நாளின் முடிவில் ஆண்டவரோடு சேர்ந்து அந்த நாளைத் திரும்பிப் பார்ப்பது. 16ஆம் நூற்றாண்டில் குண்டடிபட்டுக் கால் முறிந்து படுக்கையில் கிடந்த படைவீரன் அவர், அதனால் சும்மா கிடக்கிறவனின் மனம் எப்படி ஓடும் என்று தெரிந்தவர். நான் இதை 100ஆம் நம்பர் பஸ்ஸில் செய்கிறேன். பம்பலப்பிட்டியில் ஏறினதும் நன்றி. கொள்ளுப்பிட்டி வரும்வரை காலை நேரம்: யாரோடு கதைத்தேன், எங்கே மனம் சுருங்கியது, எங்கே விரிந்தது. காலிமுகத்திடலில் ஒன்றும் யோசிக்க மாட்டேன், கடலைப் பார்ப்பேன். கோட்டை வரும்போது, இன்று எங்கே பொய் சொன்னேன், யாரைக் கடித்தேன். புறக்கோட்டையில் இறங்க முதல், நாளைக்கு ஒரு உதவி கேட்பேன். மழை நாளில் பஸ் நகராது, அன்று எல்லாப் பாவமும் வெளியே வந்துவிடும்.

மலைநாட்டான் தம்பி, கோவாவில் இருந்து வந்த குரு புனித யோசப்வாஸ் அடிகளாரைக் கண்டியில் ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். அங்கேயே ஒரு குடில் போட்டுச் செபித்தவர். உங்களுடைய ஸ்டோர் ரூம் அதைவிட வசதி, சாரமாவது இருக்கிறது.

மட்டுறுத்துனர் | புதன், காலை 9.10

மாதா வணக்கம் பற்றிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறோம். அதற்கு 400 பதிவுகளுக்கு மேல் போய்ப் பூட்டிய இழை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இந்த இழையை விட்டுவிடுங்கள்.

அலைவரிசை34 | புதன், இரவு 11.58

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி அக்கா, ஐந்து மணிநேரம் தூங்குகிறேன், குறைவுதான்.

வாத்தியார் ஐயா, கோபிக்க வேண்டாம், ஆனால் எனக்குக் கோபம். ஜெபத்தைப் பற்றிக் கேட்டால் குடும்பக் கணக்கைக் கிளறுகிறீர்கள். கேட்டதற்காகச் சொல்கிறேன். 2021 கடைசியில் தம்பிக்கு எட்டரை இலட்சம் கொடுத்தேன். மகளின் பெயரில் வைத்திருந்த நிலையான வைப்பை உடைத்துக் கொடுத்தது. சாப்பாட்டுக் கடை போட்டான். 2022இல் காஸ் இல்லை, பெற்றோல் வரிசை, மின்வெட்டு, கடை மூடியாயிற்று. அதெல்லாம் எனக்கும் விளங்கும், நாடே மூடித்தானே கிடந்தது. ஆனால் ஒரு வார்த்தை, "அண்ணா, இப்போது முடியாது" என்று ஒரு வார்த்தை வரவில்லை. போன் எடுப்பதில்லை. போன வருடம் வேன் வாங்கியிருக்கிறான். அதை நான் முகநூலில் பார்த்துத் தெரிந்துகொண்டேன், மாலை போட்டுத் தேசிக்காய் வைத்த போட்டோ.

மட்டக்குளியில் இருக்கிறான். ஒரு ஓட்டோ தூரம். இரண்டு வருடமாக முகம் பார்க்கவில்லை. எனக்கு அவன்மேல் பகை இல்லை. அவனை நினைப்பதே இல்லை. அதனால்தான் முடிந்த கதை என்றேன்.

எந்த வரி என்று கேட்டீர்கள். எந்த வரி என்று உங்களுக்கே தெரியும்.

கணக்கன் | வியாழன், காலை 7.30

நானும் எண்களோடு வாழ்கிறவன், அதனால் சொல்கிறேன். மன்னிப்பது வேறு, கடனைத் தள்ளுபடி செய்வது வேறு. மனதில் மன்னித்துவிட்டு, மாதம் இவ்வளவு என்று எழுதி வாங்கலாம். அது பாவமில்லை. எட்டரை இலட்சத்தைக் கர்த்தருடைய நாமத்தில் கைகழுவச் சொல்கிறவர்கள் யாரும் தங்கள் எட்டரை இலட்சத்தைக் கொடுத்ததில்லை.

கொட்டாஞ்சேனைக்காரி | வியாழன், காலை 8.05

நான் கொஞ்சம் குழம்பிவிட்டேன். எங்கள் செபத்தில் "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல எங்கள் குற்றங்களை மன்னியும்" என்றுதான் வருகிறது. காசு எங்கே வருகிறது?

ஓய்வுபெற்றவாத்தியார் | வியாழன், காலை 10.40

பிள்ளை, எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 6:12 இப்படி: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." மத்தேயுவின் கிரேக்கத்தில் கடன் என்ற சொல்லே இருக்கிறது. லூக்கா 11:4இல் முதல் பாதி பாவம், பின்பாதி 'எங்களிடத்தில் கடன்பட்டவன்'. இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். ஆகவே உங்கள் செபம் பிழையில்லை, எங்கள் செபமும் பிழையில்லை. ஆனால் ஞாயிறுதோறும் மைக்கில் நின்று 'கடனாளி' என்று சத்தமாகச் சொல்ல வேண்டியிருப்பவர் எங்கள் அலைவரிசை தம்பி. அந்த இடத்தில் நாக்கு வழுக்காவிட்டால்தான் அதிசயம்.

கணக்கன் தம்பி சொன்னதை நான் தள்ளவில்லை. மத்தேயு 18இல் வருகிற உவமையைப் பிரசங்கிக்கிறவர்கள் ஒரு இடத்தில் அவசரப்படுகிறார்கள். ராஜா ஒரு வேலைக்காரனுக்கு மன்னித்துவிட்ட கடன் பதினாயிரம் தாலந்து, அது மலை. அவன் மன்னிக்க மறுத்த உடன் வேலைக்காரன் அவனுக்குக் கொடுக்க வேண்டியது நூறு வெள்ளிப்பணம், அது தூசு என்பார்கள். தூசு இல்லை. வெள்ளிப்பணம் ஒன்று ஒரு நாள் கூலி, மத்தேயு 20இல் திராட்சைத் தோட்டக்காரன் பேசிக் கொடுத்தது அதுதான். நூறு என்றால் மூன்று மாதத்துக்கு மேல் உழைத்த காசு. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்தை நீங்களே பெருக்கிப் பாருங்கள், ஆறு கோடி நாள் கூலி. இயேசு அந்த நூறைக் குறைத்துச் சொல்லவில்லை. உம்முடைய நட்டம் நட்டம்தான் தம்பி. மகளின் காசு.

நான் கேட்பது வேறு. 'அவனை நினைப்பதே இல்லை' என்கிறீர். ஒரே வயிற்றில் பிறந்தவனை நினைக்காமல் இருக்க ஒருவன் எவ்வளவு பாடுபட வேண்டும்? மனதில் ஒரு அறையைப் பூட்டி வைக்கிறவன், ஆண்டவர் வந்தாலும் விறாந்தையில்தான் இருத்துவான். நான் இதைப் படித்துச் சொல்லவில்லை. என் சகோதரியோடு பதினொரு வருடம் கதைக்காமல் இருந்து, கதைக்க முதல் அவ போய்விட்டா. இளமையில் மெதடிஸ்த போதகர் டி. டி. நைல்ஸ் ஐயாவின் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். நற்செய்தி சொல்வது ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று காட்டுவது என்பது அவருடையதாக எல்லோரும் சொல்கிற வாக்கியம். நானும் அந்த அளவில்தான் சொல்கிறேன்.

பெயர்_வேண்டாம் | வியாழன், பிற்பகல் 3.15

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்த இழையை வாசிக்கிற எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதை யாராவது எழுத வேண்டும். என் கணவர் அடிப்பார். "மன்னித்தால்தான் ஜெபம் கேட்கப்படும்" என்று என்னைத் திருப்பித் திருப்பி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழு வருடம். இப்போது தனியாக இருக்கிறேன், மன்னித்திருக்கிறேன் என்றும் நினைக்கிறேன், அந்த வாசலுக்குப் போக மாட்டேன். அந்த வீட்டில் இருந்தபோது இருந்ததைவிட ஆண்டவர் இப்போது கிட்ட இருக்கிறார். காசு விஷயத்தில் அண்ணனும் தம்பியும் கதைப்பது வேறு, இது வேறு.

இரவுப்பணி | வியாழன், பிற்பகல் 3.40

அக்கா, நன்றாகச் சொன்னீர்கள். என் வார்டுக்கு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். இந்தப் பதிவை மேலே ஒட்டி வைக்க முடியுமா மட்டுறுத்துனர்?

எஸ்ரா_பிரதர் | வியாழன், இரவு 10.20

நேற்றிலிருந்து எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். அலைவரிசை பிரதருக்கு நான் உடனே 21 நாள் உபவாசம் சொன்னேன், என்ன பாரம் என்று கேட்கவில்லை. ஏசாயா 58 ஞாபகம் வந்தது. உபவாசம் இருந்துகொண்டே வழக்காடுகிறீர்கள் என்று கர்த்தர் கேட்கிற அதிகாரம். மாற்கு 11:25உம் அப்படித்தான், ஜெபிக்க நிற்கும்போது ஒருவன்மேல் குறை இருந்தால் அதை மன்னியுங்கள் என்கிறது. 4 மணிக்கு நில் என்று அங்கே இல்லை.

பெயர்_வேண்டாம் சகோதரி, உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் சார்பில் மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் கேட்கிறேன்.

மொட்டைமாடிக்கு இன்னும் போகிறேன். அதை விட மாட்டேன், நுளம்பும் என்னை விடாது.

மலைநாட்டான் | வெள்ளி, மதியம் 1.05

வாத்தியார் ஐயா, ஸ்டோர் ரூம் விஷயத்தை முதலாளியிடம் சொன்னேன். அவர் முஸ்லிம். "நானும் மதியம் லுஹருக்கு அங்கேதானே தொழுகிறேன், பாயை எடுத்துப் போட்டுக்கொள்" என்றார். இவ்வளவு நாளும் அவர் வரும் நேரத்துக்கு நான் ஒளிந்து ஒளிந்து நின்றிருக்கிறேன்.

அலைவரிசை34 | ஞாயிறு, இரவு 9.30 (16 நாட்களுக்குப் பிறகு)

இந்த இழையை இரண்டு வாரமாகத் திறக்கவில்லை. கோபத்தில்தான்.

நேற்று மட்டக்குளிக்குப் போனேன். எதையாவது தீர்க்க வேண்டும் என்று போகவில்லை. அம்மாவின் எக்ஸ்ரே ரிப்போட் ஒன்று அவனிடம் இருந்தது, அதைச் சாட்டாக வைத்துப் போனேன். அவன் வீட்டில் இல்லை. அவன் மனைவி என்னைக் கண்டதும் வெளிறிப்போய், பிறகு தேத்தண்ணி போட்டாள். சீனி போடாமல். எனக்குச் சீனி கூடாது என்று டொக்டர் சொன்னது போன வருடம்தான். அது அவளுக்கு எப்படித் தெரியும்? அம்மா சொல்லியிருப்பார். அப்படியென்றால் அவர்கள் என்னைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். தேத்தண்ணியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேச முடியவில்லை.

வேன் விஷயம்: லீசிங். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறான், காலை 5 மணிக்குப் போனால் பின்னேரம்தான். மூன்று மாதத் தவணை நிலுவை. மாலை போட்ட போட்டோவில் அது தெரியாது.

அவன் வந்தான். கேற்றில் நின்றான். நானும் எழுந்து நின்றேன். "வா" என்றான், நான் ஏற்கெனவே அவன் வீட்டுக்குள் நிற்கிறேன். அப்புறம் அம்மாவின் முழங்காலைப் பற்றி அரை மணிநேரம் கதைத்தோம். காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னித்தேன் என்று நானும் சொல்லவில்லை, மன்னித்துக்கொள் என்று அவனும் சொல்லவில்லை. போகும்போது ஓட்டோ வரை வந்து, ஐந்து ஆயிரம் ரூபாயை மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். திருப்பிக் கொடுக்கக் கை போனது. முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இன்று காலை பாட்டு நடத்தவில்லை. போதகரிடம் மூன்று ஞாயிறு லீவு கேட்டுப் பின்வரிசையில், மின்விசிறி இல்லாத பக்கம், இருந்தேன். கர்த்தருடைய ஜெபம் வந்தது. அந்த வரி வந்தபோது வழுக்கவில்லை, ஆனால் அடுத்த வரிக்குப் போகவும் முடியவில்லை. சபை ஆமென் சொல்லி முடித்து அறிவிப்பு வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள், நான் அங்கேயே நிற்கிறேன். ஆண்டவரோடு கதைத்தேன். நல்ல வார்த்தைகள் இல்லை. மகளின் காசு என்றேன், அவன் ஏன் ஒரு போன் எடுக்கவில்லை என்றேன், நீர் ஏன் அந்த வருடம் நாட்டை அப்படி விட்டீர் என்றேன். சண்டைதான். மோட்டார் சைக்கிள் ஞாபகம் வரவில்லை.

கொட்டாஞ்சேனை அக்கா, அந்த 88ஐ வாசித்தேன். அந்த மாதிரி வேறு எவை இருக்கின்றன?

கொட்டாஞ்சேனைக்காரி | ஞாயிறு, இரவு 9.52

13, 22, 77. 13இல் இருந்து தொடங்குங்கள், ஆறே வசனம். பஸ்ஸில் வாசித்தால் கொள்ளுப்பிட்டிக்கு முதல் முடிந்துவிடும், ஆனால் முதல் நாலு சொல்லைத் தாண்டவே எனக்கு ஒரு கிழமை போனது.

ஓய்வுபெற்றவாத்தியார் | ஞாயிறு, இரவு 10.15

வாசித்தேன் தம்பி. இன்று இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

கணக்கன் | ஞாயிறு, இரவு 10.31

நல்ல விஷயம். எல்லாம் சரி, தொழில் புத்தியில் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அந்த ஐயாயிரத்தை எங்கேயாவது வரவில் எழுதி வைத்தீர்களா? மிச்சம் எட்டு இலட்சத்து நாற்பத்தையாயிரம்.

அலைவரிசை34 | ஞாயிறு, இரவு 10.40

இல்லை. எழுதவில்லை.